யாருக்கு மாஃபான்?

ஈசூன், சிங்கப்பூர்

அன்புள்ள மகளுக்கு,

ஷாங்காயிலிருந்து நீ எழுதியதைப் படித்தேன். வடிவமைப்புப் பாடத்துக்கே நேரம் போதவில்லை, கைப்பேசியே மொழிபெயர்த்துவிடுகிறது, ஆகவே சீன மொழி வகுப்பை நிறுத்திவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். நிறுத்தாதே என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

தனியாக வாழும் முதியவர்களுக்காக நீங்கள் செய்யும் மாத்திரைப் பெட்டியில், பொத்தானை அழுத்தினால் பிள்ளைகளுக்கு அழைப்புப் போகும் என்று காட்டியபோது ஒரு பாட்டி 'மாஃபான்' என்றாராம். கைப்பேசி அதைத் 'தொல்லை' என்று சொல்ல, பெட்டியை இயக்குவது அவருக்குக் கடினம் போலும் என்று எண்ணிப் பொத்தானைப் பெரிதாக்கினீர்களாம். அந்தச் சொல்லை நான் இங்கே நாற்பது ஆண்டுகளாகக் கேட்டு வருகிறேன். ஒரு பொருள் தொல்லை தருகிறது என்பதற்கும் அதைச் சொல்வார்கள். பிறருக்குத் தொல்லை கொடுக்க மனம் வராதபோதும் அதையே சொல்வார்கள். 'உனக்கு எதற்குச் சிரமம்' என்று உன் அப்பத்தா சொல்வாரே, அதேதான். அந்தப் பாட்டி இந்தப் பொருளில் சொல்லியிருந்தால், பொத்தான் எவ்வளவு பெரிதானாலும் அழுத்தமாட்டார். ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகத்தின் வடிவமைப்புப் பள்ளியான டி.ஸ்கூல் பரப்பிய வடிவமைப்புச் சிந்தனையின் ஐந்து படிகளில் முதலாவது, பயன்படுத்துபவரின் மனத்தை உணர்வது என்று நீதானே எனக்குச் சொன்னாய்? அது இந்த ஒரு சொல்லிலேயே சறுக்கிவிடும்.

ஜாலான் புசாரில் பெயர்ப்பலகை எழுதிய இளவயதில் நான் சீன எழுத்துகளைப் படமாகப் பார்த்தே வரைந்தேன். 'பெரிய' என்ற எழுத்தின் கால்களுக்கிடையே ஒரு புள்ளி வைத்தால் 'மிக' என்றாகும். அதே புள்ளியை வலது தோளுக்கு மேல் வைத்தால் 'நாய்'. ஒரு மளிகைக்கடைப் பலகையில் நான் தோளில் வைத்துவிட்டேன். கடைக்காரப் பெரியவர் கோபிக்கவில்லை. என்னை உட்காரவைத்து, செய்தித்தாள் ஓரத்தில் எழுத்துகளை உறுப்பு உறுப்பாகப் பிரித்துக் காட்டினார். ஆளும் மரமும் சேர்ந்தால் ஓய்வு. 'அம்மா' என்பதில் பெண் குறி பொருளைச் சொல்கிறது. பக்கத்தில் நிற்கும் குதிரை, 'மா' என்ற ஒலிக்காக மட்டுமே நிற்கிறது. 1716இல் வெளிவந்த காங்சி என்ற சீன அகராதி எல்லா எழுத்துகளையும் இப்படிப்பட்ட 214 குறிகளின்கீழ் அடுக்கியிருக்கிறது. எந்த உறுப்பு எதற்காக அங்கே இருக்கிறது என்று கேட்கும் பழக்கம் எனக்கு அன்றுதான் வந்தது. உன் வகுப்பிலும் அதைத்தானே கேட்கச் சொல்கிறார்கள்?

உன் பாடமும் மொழிக்கு உதவும். முழுமையாகும்வரை காத்திராமல் மாதிரியைக் காட்டித் திருத்திக்கொள் என்கிறது அது. அப்படியே சந்தைக்குப் போய்த் தப்பும் தவறுமாகப் பேசு. காய்கறி விற்பவருக்குப் புரியவில்லை என்றால் தொனியை, அதாவது சொல்லின் ஏற்ற இறக்கத்தை, மாற்றிப் பார். ஆனால் ஓர் எழுத்தின் கோடுகளை எதன்பின் எதைப் போடுவது என்ற கோட்டு வரிசையில் இந்த முறை செல்லாது என்பது என் உறுதியான எண்ணம். 'நாடு' என்ற எழுத்துக்குப் பெட்டியின் மூன்று பக்கங்களைப் போட்டு, உள்ளே இருப்பதை எழுதி முடித்த பிறகே அடிக்கோட்டை இழுக்க வேண்டும். ஆள் உள்ளே போன பிறகுதான் கதவைச் சாத்த வேண்டும் என்பார் அந்தப் பெரியவர்.

அடுத்த முறை பாட்டியிடம் போகும்போது கைப்பேசியை எடுக்காமல், யாருக்கு மாஃபான் என்று நீயே கேள். 'மருந்து' என்ற எழுத்தையும் எழுதித் தரச் சொல். அதன் தலையில் புல் குறி இருக்கும். அவர் எழுதும்போது கையைக் காணொளி எடுத்து அனுப்பு. கோட்டு வரிசையை நான் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா