முன்பணம்தான் முதல் சாட்சி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

செங்கல் சூளை ஒன்றிலிருந்து ஒடிசாவைச் சேர்ந்த குடும்பங்கள் மீட்கப்பட்டது பற்றிய தங்கள் செய்தி இப்படி முடிகிறது: ‘முன்பணம் வாங்கிக்கொண்டு விருப்பப்பட்டே வேலைக்கு வந்தவர்களைக் கொத்தடிமைகள் என்று கூற முடியாது எனச் சூளைத் தரப்பில் தெரிவித்தனர்.’ சூளைத் தரப்பு அப்படித்தான் சொல்லும். சட்டம் என்ன சொல்கிறது என்று அடுத்து ஒரு வரி எழுத இடம் இல்லாமல் போனதுதான் வருத்தம்.

1976-ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம் தாங்கள் அறியாததல்ல. அந்தச் சட்டத்தின் முன் முன்பணம் முதலாளியைக் காப்பாற்றாது, மாட்டிவிடும். கடனுக்காக உழைக்கிறவருக்குக் குறைந்தபட்சக் கூலி கிடைக்கவில்லை என்றாலோ, அவர் வேறு வேலைக்குப் போக முடியவில்லை என்றாலோ, நினைத்த இடத்துக்குப் போய்வர முடியவில்லை என்றாலோ அவர் கொத்தடிமைதான். இவற்றில் ஒன்று இருந்தாலே போதும். இது கொத்தடிமைக் கடன் என்று தொழிலாளி சொன்னால், இல்லை என்று நிரூபிக்க வேண்டியவர் கடன் கொடுத்தவர். 15-ஆவது பிரிவு அதைத்தான் சொல்கிறது. டெல்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமான வேலைகள் பற்றிய வழக்கில், குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வாங்கப்படும் உழைப்பும் கட்டாய உழைப்பே என்றும், வறுமை தரும் நெருக்கடியும் கட்டாயமே என்றும் உச்ச நீதிமன்றம் 1982-லேயே சொல்லிவிட்டது. இத்தனை ஆண்டுகள் கழித்தும் ‘விருப்பப்பட்டு வந்தார்கள்’ என்ற வாதம் அச்சேறுகிறது.

அந்த விருப்பத்தின் கணக்கையும் பார்க்கலாம். ஒடிசாவின் பொலாங்கீர், நுவாபடா மாவட்டங்கள் பக்கத்தில், புது நெல் வரும்போது கொண்டாடும் நுவாகாய் பண்டிகையை ஒட்டி, கையில் காசில்லாத காலத்தில், சூளைக்கு ஆள் சேர்க்கும் மேஸ்திரி முன்பணம் கொடுக்கிறார். ஆளுக்கு அல்ல, குடும்பத்துக்கு. கணவன், மனைவி, ஒரு பிள்ளை சேர்ந்தது ஒரு கணக்கு. நோட்டில் ஆண் பெயர் மட்டும் ஏறும். ஆயிரம் கல் அறுத்தால் இவ்வளவு என்று கூலி பேசுவார்கள். எடுத்துக்காட்டுக்கு ஆயிரத்துக்கு 900 ரூபாய் என்றும், இரண்டு பெரியவர்கள் 12 மணி நேரத்தில் அந்த ஆயிரத்தை முடிக்கிறார்கள் என்றும் வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 450 ரூபாய். 8 மணி நேரத்துக்குச் சுருக்கினால் 300. பிள்ளை மண் சுமந்ததும் கல்லைத் திருப்பிப் போட்டதும் இதில் சேரவே இல்லை. பிறகு மழையில் கரைந்த கல்லுக்குக் கூலி கிடையாது. உடைசலுக்கென்று சில கற்களைக் கூலியில்லாமல் கூடுதலாக எண்ணி எடுப்பதும் உண்டு. வாரப்படி, அதாவது சாப்பாட்டுச் செலவுக்கு வாரந்தோறும் தரும் பணம், போக மீதிதான் முன்பணத்தில் கழியும். கல் கணக்கு நோட்டு மேஸ்திரியிடமே இருப்பதால் எவ்வளவு கழிந்தது என்று அறுத்தவருக்குத் தெரியாது. ஊரில் சாவு என்றால் ஒருவர் போகலாம், மற்றவர் பிணையாக இருக்க வேண்டும்.

இந்தக் கல்லை வாங்குகிறவர்கள் யார் என்று தங்கள் செய்தியாளர் கேட்கவில்லை. அதே இதழில் அடுக்குமாடி விளம்பரங்கள் பக்கம் பக்கமாக வந்திருந்தன. சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களில் உள்ள நிறுவனங்கள் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் விதிப்படி 2022-23 நிதியாண்டு முதல் ஆண்டுதோறும் பொறுப்புடைமை அறிக்கை தருகின்றன. கட்டாய உழைப்புப் புகார் எத்தனை என்று அதில் ஒரு கட்டம் உண்டு. சூளையில் இருப்பவருக்குக் கல் வாங்கும் நிறுவனத்தின் பெயரே தெரியாதபோது அந்தக் கட்டத்தில் பூஜ்யம்தான் விழும்.

எங்கிருந்து வந்த கல் என்று கண்டுபிடிக்க முடியாது எனக் கட்டுமான நிறுவனங்களின் கொள்முதல் பிரிவுகள் சொல்வதை ஏற்கவே முடியாது. சேம்பர் சூளையில் சுட்ட ‘சேம்பர் கற்கள்’ பலவற்றில் சூளையின் எழுத்து அச்சாகவே இருக்கிறது. லாரிக்காரர் தரும் ‘குழந்தைத் தொழிலாளர் இல்லை’ என்ற உறுதிமொழித் தாளைக் கோப்பில் போட்டுக்கொள்வதால் எந்தப் பயனும் இல்லை. கொள்முதல் பிரிவினர் சூளை எரிகிற மாதங்களில் அங்கே சொல்லாமல் போக வேண்டும். ஒடியா தெரிந்தவரை அழைத்துக்கொண்டு, மேஸ்திரி இல்லாத இடத்தில் பேச வேண்டும். முன்பணப் பதிவேட்டைக் கேட்க வேண்டும். கல் கணக்கின் ஒரு பிரதி தொழிலாளியின் கையில் இருக்கிறதா, மனைவியின் கூலி அவருடைய வங்கிக் கணக்குக்குப் போகிறதா, ஆதார் அட்டை யாரிடம் இருக்கிறது, சந்தைக்குக் குடும்பமாகப் போக விடுகிறார்களா என்று பார்க்க வேண்டும். தவறு தெரிந்ததும் அந்தச் சூளையை விட்டு அடுத்த சூளைக்கு மாறுவதுதான் வழக்கமாக நடக்கிறது. அப்படிச் செய்தால் கடன் தொழிலாளியின் தலையிலேயே நிற்கும். முதலில் கோட்டாட்சியருக்கோ மாவட்ட ஆட்சியருக்கோ எழுதிக் கொடுக்க வேண்டும். கல்லுக்கு மூன்று மாதம் கடன் சொல்லி வாங்குகிற நிறுவனம் அந்தப் பழக்கத்தையும் நிறுத்த வேண்டும். சூளைக்காரருக்கு நாம் தராத பணத்தை அவர் அறுப்பவரின் கூலியில் பிடித்துவைக்கிறார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு முறையும் மீட்கப்பட்டவர்களின் முகத்தைக் குழந்தைகள் உட்பட அச்சிடுகிறீர்கள். சூளை உரிமையாளர் மட்டும் ‘தனியார் ஒருவர்’ ஆகிவிடுகிறார். ‘சொந்த ஊருக்கு அனுப்பி வைக்கப்பட்டனர்’ என்று செய்தி முடிந்துவிடும். கொத்தடிமையிலிருந்து விடுவிக்கப்பட்டதாக அதிகாரி தரும் விடுவிப்புச் சான்றிதழ் இல்லாமல் அனுப்பினால் கடன் ரத்தானதற்குக் கையில் தாள் இருக்காது. உடனடி உதவித்தொகையான 30,000 ரூபாய் வரையிலான பணமும் எட்டாது. அடுத்த பருவத்தில் அதே மேஸ்திரி அதே பாக்கியோடு வாசலில் நிற்பார்.

தங்களிடம் கேட்பது இவ்வளவுதான். மீட்புச் செய்தி எழுதும் செய்தியாளர், எத்தனை பேருக்கு விடுவிப்புச் சான்றிதழ் கொடுத்தீர்கள், என்ன தேதியில் என்று கோட்டாட்சியரிடம் கேட்டு அதையும் எழுதட்டும். இந்தச் செய்தியில் விட்டுப்போன 15-ஆவது பிரிவை அடுத்த இதழில் ஒரு சிறு திருத்தமாக வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
கட்டுமானக் கொள்முதலில் பணிபுரியும் நெடுநாள் வாசகர்