எங்க ஊர்த் தண்ணி அப்படி

அன்புள்ள செல்வி,

பொங்கலுக்கு நீ போட்ட கடிதத்துக்கு ஆடி பிறந்த பிறகு பதில் எழுதுகிறேன். நீ கோபித்துக்கொண்டால் நியாயம்தான். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சின்னவன் ஆறாம் வகுப்பு போகிறான். குடை அக்காவைத் தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். இன்னும் அதே குடை. முதலில் உன்னைத்தான் விசாரித்தாள். நீ போன கடிதத்தில் மாவு மில் சண்டையை மூன்று பக்கம் எழுதியவள், அதனால் இதைப் பொறுமையாகப் படிக்கக் கடன்பட்டிருக்கிறாய்.

போன மாதம் ஒரு புதன்கிழமை, எங்கள் சுகாதார நிலையத்துக்குத் தடுப்பூசிக்கு வந்த ஒன்றரை வயதுப் பையன் என்னைப் பார்த்துச் சிரித்தான். மேல் முன்பல் நான்கும் ஈறோரம் பழுப்பேறி, ஒன்று பாதி உடைந்திருந்தது. எப்போதிலிருந்து இப்படி என்று அம்மாவைக் கேட்டேன். அந்தப் பெண் பதில் சொல்லாமல் தன் உதட்டைத் தூக்கிப் பல்லைக் காட்டினாள். முழுக்கக் கறை. "எங்க ஊர்த் தண்ணி அப்படிங்க. எனக்கும் இப்படித்தான்" என்றாள்.

எங்கள் பக்கத்து போர்வெல் தண்ணீரில் பல்லில் கறை போடும் ஃபுளோரைடு அதிகம் என்பது உனக்குத் தெரியும். காவிரித் தண்ணீர் கொண்டுவரும் ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் 2013-ல்தான் தொடங்கியது. இவள் வளர்ந்தது அதற்கு முன்னால். அவள் பல்லில் இருப்பது தண்ணீர் போட்ட கறைதான். ஆனால் பால்பல்லில் அந்தக் கறை அவ்வளவாக வராது. மகனுக்கு வந்திருப்பது, ராத்திரி முழுக்க வாயிலேயே இருக்கும் சர்க்கரைப் பால் புட்டியால் வந்த சொத்தை. தண்ணீர்க் கறை என்று நினைத்துக்கொண்டு நான்கு மாதம் சும்மா இருந்திருக்கிறாள்.

பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். கர்ப்பத்தில் இரண்டு முறை, பிள்ளை பிறந்த பிறகு ஒரு முறை, "வாய்நலக் கவுன்சலிங் தரப்பட்டது" என்று அவள் பெயருக்கு நேரே டிக் இருக்கிறது. அது பொய் டிக்கும் இல்லை. "இனிப்பு குடுக்காதீங்கன்னு நர்ஸம்மா சொன்னாங்க, நான் குடுக்கறதே இல்லைங்க" என்றாள். மிட்டாய்தான் அவளுக்கு இனிப்பு. பாலில் கரைக்கிற சர்க்கரை அந்தக் கணக்கில் வரவே இல்லை. மூன்று முறை பேசியவர்களில் ஒருவர்கூட, புட்டியில் என்ன போடுகிறாய் என்று கேட்கவில்லை.

அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை, செல்வி. அடுத்த நான்கு செவ்வாய்க்கிழமையும் கர்ப்பிணிகள் பரிசோதனை நடக்கும் இடத்தில் போய் உட்கார்ந்தேன். முதல் நாள் அறைக்குள்ளேயே, தாயிடம் சொல்ல வேண்டியதெல்லாம் எழுதிய செக்லிஸ்டோடு இருந்தேன். நான் இருந்ததால் எல்லாம் ஒழுங்காக நடந்தது. ஒரு வரி விடாமல் சொன்னார்கள். அடுத்த வாரம் வெளியே புங்க மரத்தடிக்கு மாறிவிட்டேன். வெளியே வரும் பெண்களிடம், சொன்னார்களா என்று கேட்டால் எல்லோரும் "நல்லா சொன்னாங்க" என்றுதான் சொல்வார்கள். அதனால், "வீட்டுக்குப் போய் மாமியார்கிட்ட என்ன சொல்வீங்க?" என்று கேட்டேன்.

பாதிப் பேர், பல்லைச் சுத்தமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பதோடு நின்றுவிட்டார்கள். மூன்று மாதமாகப் பல்லே விளக்காத ஒரு பெண் இருந்தாள். பிரஷ்ஷை வாயில் வைத்தாலே குமட்டுகிறதாம். ரெண்டு வேளை விளக்கச் சொல்லியிருக்கிறார்கள். வாந்தி எடுத்ததும் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு அரைமணி கழித்து, குழந்தைக்கு வாங்குகிற சின்ன பிரஷ்ஷால் தேய்க்கலாம் என்று யாரும் சொல்லவில்லை. இன்னொருத்திக்கு ஐந்தாம் மாதம், கடைவாயில் வலி, கன்னம் வீங்கியிருக்கிறது. பிரசவம் ஆகட்டும் என்று பொறுத்துக்கொண்டிருந்தாள். வைத்தியம் பார்க்க நாலிலிருந்து ஆறு மாதம்தான் தோதான காலம் என்று நாம் பரீட்சைக்கு எழுதினோமே, அது இவள் காதுக்கு வந்து சேரவில்லை.

தாயைக் கேட்டுப் பேசினால் பலன் உண்டா என்று பார்க்க, கனடாவில் சர்ரே என்ற ஊரில், குடியேறிய பஞ்சாபித் தாய்மாரிடம் ஓர் ஆய்வு நடந்தது, 2004-ல் வெளிவந்தது. கைக்குழந்தைகள் 240 பேர். ஒரு பிரிவுத் தாய்மாருக்குத் துண்டுப் பிரசுரமும் வீடியோவும் மட்டும். இன்னொரு பிரிவுக்கு அதோடு முக்கால் மணி நேரப் பேச்சு, அப்புறம் ஆறு முறை போன். உன் வீட்டில் எது முடியும் என்று கேட்டு, தாயையே தேர்ந்தெடுக்கவிட்டார்கள். ஒரு வருடம் கழித்துப் புதிய சொத்தை, இந்தப் பேச்சுப் பிரிவில் ஒரு குழந்தைக்குச் சராசரி 0.71, மற்றப் பிரிவில் 1.91. பின்னால் வந்த எல்லா ஆய்வும் இவ்வளவு நல்ல பலன் காட்டவில்லை என்பதும் தெரியும். முக்கால் மணி நேரத்துக்கு நான் எங்கே போவேன்? எங்களிடம் மதியத்துக்குள் ஐம்பது பேரைப் பார்த்தாக வேண்டும். ஆனால் ஒரு கேள்விக்கு அரை நிமிஷம் போதுமே.

அதனால் செக்லிஸ்டின் தலையில் இரண்டு வரி சேர்த்தேன். பேச ஆரம்பிக்கும் முன் தாயிடம் ஏதாவது கேட்டாரா? முடிக்கும்போது திருப்பிச் சொல்லச் சொன்னாரா? அதைப் பார்த்ததும் எங்கள் நர்ஸம்மா, "என்கிட்ட குத்தம் கண்டுபிடிக்கவா உக்கார்றீங்க மேடம்?" என்றார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. எடை, ரத்த அழுத்தம், ஊசி, மாத்திரை, ஆன்லைன் பதிவு எல்லாம் அந்த ஒரு ஆள்தான். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

இதற்காகத்தான் உனக்கு எழுதுகிறேன். தாய்ப்பால் ஆலோசனையைப் பத்து வருஷம் கூடவே இருந்து பார்த்தவள் நீ. மூலையில் உட்கார்ந்து பார்க்கும்போது, பேசுகிறவருக்குக் கை நடுங்காமல் இருக்க என்ன செய்தாய்? முதலில் நாமே இரண்டு பேரிடம் பேசிக்காட்டி, அதை அவரைக் குறித்துக்கொள்ளச் சொல்லலாமா என்று தோன்றுகிறது. நீ உபயோகித்த தாள் ஏதாவது இருந்தால் அனுப்பு, கிறுக்கலாக இருந்தாலும் பரவாயில்லை.

பையனுக்கு மூன்று பல்லைச் சுத்தம் செய்து சிமெண்ட் அடைத்திருக்கிறேன். அடுத்த முறை மாமியாரே புட்டியோடு வந்தார். பால் கரைக்கிறது அவர்தானாம். வாரத்துக்கு அரை ஸ்பூன் சர்க்கரை குறைத்து, அப்புறம் ராத்திரிக்கு வெறும் தண்ணீர் என்று பேசி முடிவு செய்திருக்கிறோம். இன்றோடு இரண்டாவது வாரம்.

குடை அக்காவின் புது நம்பர் பின்பக்கத்தில் இருக்கிறது. ஆவணிக்குள் பதில் போடு.

அன்புடன்,
உன் மல்லி