அப்பாவுக்குத் துணை நின்ற எல்லோருக்கும்

அப்பாவுக்குக் கல்லீரல் மாற்று ஆபரேஷன் முடிந்து ஆறு மாதம் ஆகிறது. நேற்றுக் காலை மஞ்சக்குப்பம் மைதானத்தை ஒரு சுற்று நடந்துவிட்டு வந்தவர், "பசிக்குது, இட்லி ஆச்சா?" என்று கேட்டார். அவர் பசி என்று சொல்லிக் கேட்டே இரண்டு வருடம் இருக்கும். அம்மா அடுப்படியிலேயே அழுதுவிட்டார்.

முதல் நன்றி புதுச்சேரி டாக்டர் உங்களுக்கு. ஸ்டெம் செல் (புது செல்களை உண்டாக்கும் மூல செல்) ஊசி போட்டால் கெட்ட கல்லீரல் தானாக வளரும், ஆபரேஷனே வேண்டாம் என்று ஓர் இடத்தில் ஐந்து லட்சம் கேட்டிருந்தார்கள். நகையை அடகு வைக்கக் கிளம்பும் முன் உங்களிடம் ஒரு வார்த்தை கேட்க வந்தோம். "வேண்டாம்" என்றீர்கள். எனக்கு அவ்வளவு கோபம். ஓபி கூட்டம் குறையும்வரை எங்களை உட்காரவைத்து, சீட்டின் பின்பக்கம் படம் வரைந்து காட்டினீர்கள். கல்லீரல் முழுக்கத் தழும்பேறி இறுகிப்போனதால்தான் வயிற்றில் நீர் கோத்துக்கொள்கிறது என்றும், பிரிட்டனில் 81 பேரிடம் நடத்தி 2018இல் வெளியான ஆய்வில், அவரவர் ரத்தத்திலிருந்தே பிரித்த ஸ்டெம் செல்லைத் திரும்ப ஏற்றியும் கல்லீரல் தேறவில்லை என்றும் சொன்னீர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 வழிகாட்டுதல்படி இந்த நோய்க்கு அதை ஆய்வாக மட்டுமே செய்யலாம், ஆய்வில் சேருகிறவரிடம் காசு வாங்கக் கூடாது என்றீர்களே, அதோடு எங்கள் குழப்பம் தீர்ந்தது. அந்தச் சீட்டை இன்னும் வைத்திருக்கிறோம்.

அடுத்து, பக்கத்து வீட்டு மாமா. ஒரு ராத்திரி கல்லீரல் நோய் மூளையைக் குழப்பி, அப்பாவுக்கு என்னையே யாரென்று தெரியவில்லை, கையை நீட்டச் சொன்னால் மணிக்கட்டு விழுந்து விழுந்து எழுந்தது. காலை லோடுக்கு ஏற்றி வைத்திருந்த ஐஸை அப்படியே இறக்கிப் போட்டுவிட்டு, மீன் வேனில் முள்ளோடை, அரியாங்குப்பம் வழியாகக் கோரிமேடு ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தீர்கள். டீசல் காசுகூட வாங்கவில்லை மாமா.

மலம் இளக்கும் லாக்டுலோஸ் மருந்து எதற்கு, தினம் இரண்டு மூன்று தடவை வெளிக்குப் போவது ஏன் முக்கியம் என்று அம்மாவுக்குப் பொறுமையாகச் சொல்லித்தந்த வார்டு சிஸ்டருக்கும் நன்றி. அம்மா அதைத் தினசரி காலண்டர் தாளில் கோடு போட்டே கணக்கு வைத்தார். அப்புறம் ரத்தம் கொடுத்த தம்பியின் நண்பர்கள், காப்பீட்டுக்குக் காகிதம் சேர்க்க எங்களோடு அலைந்த அண்ணன், எல்லோருக்கும் நன்றி.

தம்பி, உனக்கு என்ன எழுதுவது? கல்லீரலில் பாதிக்கு மேல் கொடுத்தாய். உனக்கு அது திரும்ப வளர்ந்துவிட்டதென்று ஸ்கேன் பார்த்துச் சொன்ன அன்றுதான் அம்மா ஒழுங்காகத் தூங்கினார்.

டாக்டர், அடுத்த செக்கப்புக்கு வரும்போது உங்களுக்குக் கொடுக்க அப்பா பண்ருட்டிப் பலாப்பழம் ஒன்று சொல்லி வைத்திருக்கிறார். மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.