கப்பல் புகையும் கடல் மேகங்களும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கப்பல் எரிபொருளில் கந்தகத்தைக் குறைத்ததே அண்மைக்கால வெப்ப உயர்வுக்கு முழுக் காரணம் என்று சிலர் எழுதி வருவது மிகைக்கூற்று என்றே கருதுகிறேன்.

பெரு, சிலி, நமீபியா, கலிபோர்னியா கரைகளுக்கு அப்பால் குளிர்ந்த கடல்நீரின் மேல் பரந்து கிடக்கும் தாழ்மேகங்கள் வெயிலை வெகுவாகத் திருப்பி அனுப்புகின்றன; அவற்றின் உச்சி கடற்பரப்பைவிட அதிகம் குளிர்ந்திராததால், பூமியிலிருந்து வெளியேறும் வெப்பத்தை அவை பெரிதாகத் தடுப்பதில்லை. கப்பல் புகையிலுள்ள கந்தகத் துகள்கள் இம்மேகங்களில் சேரும்போது நீர்த்துளிகள் அளவில் சிறுத்து எண்ணிக்கையில் பெருகி, மேகம் வெயிலை மேலும் திருப்பி அனுப்புவதால், கப்பல் சென்ற வழியெங்கும் வெண்கோடுகள் தோன்றுகின்றன. 1960களிலேயே டைரோஸ் செயற்கைக்கோள் படங்களில் இவை தென்பட்டன.

எரிபொருளில் கந்தகத்தின் உச்சவரம்பைச் சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2020 ஜனவரி 1 முதல் 3.5 சதவீதத்திலிருந்து 0.5 சதவீதமாகக் குறைத்த பின் அக்கோடுகள் அருகிவிட்டன என்பது உண்மை. ஆனால் கோடு விழாமலேயே மேகத்தில் கலந்துவிடும் புகையும் உண்டு. கடலின் வெப்பநிலை மாறினாலே மேகப்பரப்பும் ஆண்டுக்காண்டு மாறும். ஆகவே கோடுகளை எண்ணி மட்டும் வெப்பக் கணக்குப் போட இயலாது.

கருவிகளுக்கும் எல்லை உண்டு. மேகங்களை ஆராய 2006இல் ஏவப்பட்ட கிளவுட்சாட் செயற்கைக்கோளின் ரேடாருக்கு, கடற்பரப்பின் எதிரொலி குறுக்கிட்டதால், ஏறத்தாழ ஒரு கிலோமீட்டருக்குக் கீழிருந்த மேகங்கள் பெரும்பாலும் புலப்படவில்லை. 2024 மே மாதம் ஏவப்பட்ட எர்த்கேர் செயற்கைக்கோள் இக்குறையை ஓரளவு நீக்கும் வகையில் வடிவமைக்கப்பட்டது. அதன் தரவுகள் பற்றித் தங்கள் அறிவியல் பக்கத்தில் விரிவான கட்டுரை ஒன்று வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்