அந்தச் சிமெண்ட் பூச்சு வேண்டாம், ஐயா

மதிப்பிற்குரிய ஆலயப் புதுப்பிப்புக் குழுவினருக்கு,

ஸ்தோத்திரம். இந்த எல்லைப் பக்கம் சுண்ணாம்பு வேலை பார்க்கிற கொத்தனார்கள் எழுதுகிறோம்.

போன ஐப்பசி மழையில் தெற்குச் சுவரின் சிமெண்ட் பூச்சிலிருந்து ஒரு பாளம் பெயர்ந்து பெஞ்சில் விழுந்தது உங்களுக்குத் தெரியும். அப்போது ஆராதனை நடக்காதது கர்த்தருடைய கிருபை. குழுவின் முன்யோசனை அல்ல. இப்போது அதே இடத்தில் இன்னும் கனமாகச் சிமெண்ட் பூசப் போகிறீர்களாம். தயவுசெய்து வேண்டாம்.

பிலிப்பைன்ஸில் பவாய் ஆலயத்தை ஸ்பானியர் காலத்தில் கட்டியவர்களுக்கு நிலநடுக்கப் பயம். சுவருக்குப் பெரிய முட்டுத்தூண்கள் கொடுத்தார்கள், மணிக்கோபுரத்தைத் தள்ளி நிறுத்தினார்கள். நம்மூரில் மிஷனரிமார் காலத்தில் கட்டியவர்களுக்கு ஆனியிலும் ஐப்பசியிலும் வருகிற மழைதான் பயம். அதனால்தான் செங்குத்தான ஓட்டுக்கூரை, நீண்ட இறவாரம், உயர்ந்த தரை, வெட்டுக்கல் என்கிற செம்புரைக்கல் சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சு.

வெட்டுக்கல் தண்ணீரை உறிஞ்சும். சுண்ணாம்பு வழியாக அந்த ஈரம் ஆவியாகிப் போய்விடும். சிமெண்ட் வழியை அடைத்துவிடுவதால் ஈரம் மேலே ஏறுகிறது. பூச்சுக்குப் பின்னால் உப்புப் பூத்து அதைத் தள்ளுகிறது. முழங்கால் உயரத்தில் நின்ற ஈரம் இன்று ஜன்னல் வரை வந்துவிட்டது. வயதான அம்மாமார் சேலையில் உதிர்ந்த பூச்சைத் தட்டிக்கொண்டே ஜெபம் பண்ணுகிறார்கள். முற்றத்தில் இண்டர்லாக் கல் பதித்து மட்டத்தை உயர்த்தியதில் தரையின் உயரமும் போயிற்று. மழைநீர் சுவரைப் பார்த்துத்தான் ஓடுகிறது. கோபுரத்து இடிதாங்கியின் செம்புப் பட்டையை அறுத்து, அந்த இடத்தில் சீரியல் செட் கட்டியிருக்கிறீர்கள். அழகாகத்தான் இருக்கிறது, மின்னலுக்கும் பிடித்துப் போகும்.

மன்னிக்கவும், கேட்க வந்தது சிமெண்ட் பற்றி. சுவரில் இப்போது இருக்கிற சிமெண்டைத் தையில் கொத்தி எடுங்கள், ஈரத்தின் கோட்டுக்கு மேலே இரண்டடி வரை. கல் இடுக்குகளை ஒரு அங்குலம் சுரண்டிவிட்டு, பங்குனி வரை சுவரைக் காயவிடுங்கள். பிறகு நீற்றிப் புளிக்கவைத்த சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு கலந்து பூசுங்கள். கடல் மணல் கூடாது, உப்பு. ஒரு பூச்சு 10 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். ஈரச் சாக்கு போட்டு மெல்லக் காயவிட வேண்டும். மேலே வெள்ளையடித்தால் போதும், எமல்ஷன் அடித்தால் மறுபடியும் அடைப்புதான். சுவரோரம் இரண்டடி அகலத்துக்கு இண்டர்லாக்கைப் பெயர்த்து ஓடை வெட்டுங்கள்.

சிமெண்ட் மூட்டைகள் இன்னும் பிரிக்கவில்லை என்று கேள்விப்பட்டோம். கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்வாரா என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள், ஐயா.

இப்படிக்கு,
சுண்ணாம்பு வேலை கொத்தனார்கள்