ரூத் எடுத்துவைத்த மிச்சம்

அன்புள்ள கோமதிக்கு,

எட்டு மாதமாக ஒரு வரி எழுதவில்லை. திட்ட வேண்டியதைத் திட்டிவிட்டுப் பிறகு படி. எருசலேமில் வெயில் ஏறிவிட்டது, இவருக்கு வேலை இன்னும் ஓராண்டு நீள்கிறது, எனக்கு முழங்கால் வலி. நலம் விசாரிப்பு முடிந்தது.

மாடிவீட்டுக் கிழவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எண்பதைத் தொடப்போகிறாள். இறைச்சியை விட்டாள், பாலை விட்டாள், யூத வேதத்தை மட்டும் விடவில்லை. அதில் வரும் பெண்கள் ஒவ்வொருத்தி பெயரிலும் ஒரு சமையல் வைத்திருக்கிறாள். எல்லாம் தானியமும் காய்கனியும்தான். பூரிம் என்ற யூதப் பண்டிகைக்கு எஸ்தர் பெயரில் ஒரு கிண்ணம் வந்தது. திறந்தால் உப்பும் மிளகும் போட்டு அவித்த கொண்டைக்கடலை, தாளிக்காத நவராத்திரிச் சுண்டல்! பாரசீக ராஜாவுக்கு வாழ்க்கைப்பட்ட யூதப் பெண் அவள். அந்த அரண்மனையில் என்ன சாப்பிட்டாள் என்று தல்மூது என்ற பழைய யூத விளக்க நூலில் மூன்று பேர் வழக்காடுகிறார்களாம். யூதச் சாப்பாடு என்கிறார் ஒருவர், பன்றி என்கிறார் இன்னொருவர், விதைகளும் பயறுகளும் என்கிறார் மூன்றாமவர். கிழவி மூன்றாமவர் கட்சி.

அபிகாயில் என்ற பெண், பின்னாளில் ராஜாவான தாவீதுக்குக் கழுதைகளில் ஏற்றிக் கொண்டுபோன சாப்பாட்டுக்கு வேதத்தில் கணக்கே இருக்கிறது. 200 அப்பம், 100 உலர்திராட்சைக் குலை, 200 அத்திப்பழ அடை, வறுத்த தானியம், சமைத்த 5 ஆடு. "ஆடுகளை மட்டும் கழுதையிலிருந்து இறக்கிவிட்டேன்" என்று சொல்லிவிட்டு அத்தி அடையை நீட்டினாள்.

ரெபெக்காள் கதை தெரியுமல்லவா? வெள்ளாட்டுக் குட்டியைச் சமைத்து, மான்கறி என்று கணவன் ஈசாக்கை நம்பவைத்தவள். கிழவி காளானை அப்படிச் சமைத்துக் கொடுத்தனுப்பினாள். இவர் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "ஆடு இளசு" என்றார். ஈசாக்குக்காவது கண் மங்கியிருந்தது, இவருக்கு என்ன கேடு?

போன வாரம் ஷவுவோத். கோதுமை அறுவடைப் பண்டிகை, ஜெப ஆலயத்தில், மாமியாரை விட்டுப் பிரியாத விதவை ரூத்தின் கதையை வாசிப்பார்கள். வீட்டுக்கு வீடு பாலாடைக்கட்டிப் பலகாரம். கிழவி மட்டும் ஃப்ரீக்கே வாங்கி வந்தாள். முற்றாத பச்சைக் கதிரைத் தீயில் பொசுக்கி உதிர்த்த கோதுமை அது. அரித்துக் கொடுத்தது நான்தான். மூன்று தண்ணீர் மாற்றியும் புகை வாசம் விரலை விட்டுப் போகவில்லை. வெங்காயத்தைக் கருக வதக்கி அதில் வேகவைத்தாள். பக்கத்தில் ரொட்டி, தொட்டுக்கொள்ளப் புளிக்காடி. போவாஸ் என்ற நிலக்காரரின் வயலில் கதிர் பொறுக்கப் போன ரூத்துக்குக் கிடைத்த மதியச் சாப்பாடும் ஏறக்குறைய இதுதான். திருப்தியாகச் சாப்பிட்டு மீதம் வைத்தாள் என்றிருக்கிறது. அன்று மாலை, பொறுக்கிய வாற்கோதுமையோடு அந்த மீதத்தையும் மாமியாருக்கு எடுத்துக் கொடுக்கிறாள்.

அந்த இடத்தில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. விடுதிச் சோற்றுக்குப் பயந்து நான் பட்டினி கிடந்த நாட்களில், டிபன் மூடியில் புளியோதரையைப் பாதியாகப் பிரித்து வைத்து, "அம்மா அதிகமாக வைத்துவிட்டாள்" என்பாயே. உன் கல்யாணத்தன்று பந்தியில் அம்மா என்னிடம் சொன்னார்: "நான் ஒரு ஆளுக்குத்தானம்மா கட்டிக்கொடுத்தேன்."

அந்த அம்மா போனதற்கு நான் வரவில்லை. போனை எடுத்து எடுத்து வைத்தேன், உன் எண்ணை அழுத்தக் கை வரவில்லை. எட்டு மாதத்துக்கும் காரணம் அதுதான், முழங்கால் அல்ல.

ஆவணியில் வருகிறேன். ஃப்ரீக்கே ஒரு கிலோ கட்டி வைத்தாயிற்று. அன்றைக்கு நீ அடுப்படிப் பக்கம் வரக்கூடாது. அந்தப் பழைய டிபன் மூடி இருந்தால் மட்டும் தேய்த்து வை.

உன்,
வசந்தா