உங்க ஹெச்.எம்.முக்கு ஒரு போன் போடு

கும்பகோணம்,
மே முதல் வாரம்.

அன்புள்ள கயலுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் நலமா? ஓசூரில் வெயில் இங்கே மாதிரி வாட்டாது என்று அப்பா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

லீவு விட்டதும் பள்ளிக்கூட வாட்ஸ்அப் குரூப்பை மியூட் பண்ணிவிட்டதாகச் சொன்னாய். நல்லது. எமிஸ் என்கிற பள்ளித் தகவல் இணையதளத்தில் இதை ஏற்று, அதைத் திருத்து என்று வருஷம் முழுக்க வந்த செய்திகளிலிருந்து உனக்கு ஓய்வு வேண்டும். ஆனால் ஜூனில் பள்ளி திறக்கிறவரை உங்க ஹெச்.எம்.மிடம்கூடப் பேசப்போவதில்லை என்றாயே, அது எனக்குச் சரியாகப் படவில்லை. போனில் சொன்னால் பாதியிலேயே பேச்சை மாற்றிவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

உன்னுடையது ஈராசிரியர் பள்ளி. ஒன்று முதல் மூன்று வரை உன் பொறுப்பு, நான்கும் ஐந்தும் உங்க ஹெச்.எம். பொறுப்பு. முதல் நிலையான அரும்பிலேயே நின்றுவிட்ட பிள்ளை ஒருநாள் எழுத்துக்கூட்டி ஒரு சொல்லைப் படித்துவிட்டால் உனக்கு ஏன் கண் கலங்குகிறது என்று மாப்பிள்ளைக்கு எடுத்துச் சொல்லிப் புரியவைக்க வேண்டும். உங்க ஹெச்.எம்.முக்குச் சொல்லவே வேண்டாம்.

உங்க பள்ளி இருக்கிற அஞ்செட்டிப் பக்கம் நிறையப் பிள்ளைகள் வீட்டில் கன்னடமோ தெலுங்கோ பேசுகிறவர்கள். 2022ல் சின்ன வகுப்புகளுக்கு எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தபோது நானும் டீச்சர் வேலையில் இருந்தேன். அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைப்படி பிள்ளைகளைப் பிரித்துக்கொள்ள அது உதவும். ஆனால் எந்தப் பிள்ளை படிப்பு வராமல் அரும்பில் இருக்கிறது, எது தமிழே காதில் விழாத வீட்டிலிருந்து வந்ததால் அங்கே இருக்கிறது என்பதை அந்தப் பிள்ளையின் அக்காவுக்கும் அண்ணனுக்கும் பாடம் நடத்தியவர்தான் சொல்ல முடியும். பள்ளி நாளில் இதையெல்லாம் உட்கார்ந்து பேச யாருக்கு நேரம்? மே மாதத்தில் பேசலாம்.

2007-08ல் செயல்வழிக் கற்றல் மாநிலம் முழுக்க வந்தது. அந்தப் பாட அட்டைகளையும், அவற்றைப் படிப்படியாக வரிசைப்படுத்திய ஏணியையும் பார்த்து மலைத்துப்போனோம். அடுத்த கோடையில் பக்கத்து ஊர் டீச்சர்கள் நம் வீட்டுத் திண்ணையில் கூடினார்கள், நீ மாடியில் வடகத்துக்குக் காவல் இருந்தாய். ஒருத்தர் டீச்சர், மற்றவர்கள் பிள்ளைகள் என்று உட்கார்ந்து ஒவ்வொரு படியாக நடத்திப் பார்த்தோம். பயிற்சியில் கேட்கக் கூச்சப்பட்ட கேள்வியெல்லாம் அந்தத் திண்ணையில் வந்தது. அதே ஆட்கள்தான் 2018ல் ஒன்றாம் வகுப்புப் புதுப் புத்தகம் க்யூஆர் கோடோடு வந்தபோதும் கூடினோம். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் எங்கள் போன்களை வாங்கி ஸ்கேன் பண்ணக் காட்டிக்கொடுத்தாள். யாரும் எங்களைக் கூப்பிட்டுக் கூட்டம் போடச் சொல்லவில்லை. அதனால்தான் அது நடந்தது என்று நினைக்கிறேன்.

இன்னொன்று, மாறுதல் கலந்தாய்வு பல வருஷம் கோடையை ஒட்டித்தான் வரும். பக்கத்து வகுப்பில் நெடுநாள் இருந்த டீச்சர் ஒருத்தருக்கு அப்படி ஒரு லீவில் சொந்த ஊருக்கு மாறுதல் கிடைத்தது. ஜூனில் போனால் அவர் நாற்காலியில் வேறொருவர். உங்க ஹெச்.எம். தர்மபுரிப் பக்கத்துக்காரர் என்றாய். அவரும் விண்ணப்பிக்கலாம் இல்லையா?

தினமும் பேச வேண்டாம், அவருக்கும் ஓய்வு வேண்டும். எடுத்ததும் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசாதே. அவர் மகளுக்கு ப்ளஸ் டூ ரிசல்ட் வருகிற நேரம், அதை விசாரி. மற்றது தானாக வரும். பக்கத்துப் பள்ளி டீச்சர்களெல்லாம் சேரும் குறுவள மையக் கூட்டத்தில் உன் பக்கத்தில் உட்காருகிற பெண்ணும் ஓசூரில்தானே இருக்கிறாள்? ஒரு நாள் சாப்பிடக் கூப்பிடு.

மாவடு ஊறிவிட்டது. அப்பா பார்சலில் போடுகிறார். இரண்டு பாட்டில் இருக்கும், சின்னது உங்க ஹெச்.எம்.முக்கு. அவர் காரம் சாப்பிடுவாரா என்று போனில் கேட்டுக்கொள்.

அன்புடன்,
அம்மா